ஐந்து செடிகளும் ஒரு இன்ஜினியரும்



போன செமஸ்டரில் ஹைட்ராலிக்ஸ் லேபில் ஒரு நாள் முழுக்கப் போராடினேன். மோட்டார் சுத்துது, தண்ணீர் மட்டும் வரவே இல்லை. பம்ப் அவுட் என்று எழுதிவிட்டேன். அப்போது படித்ததுதான் ஃப்ரெஸியேவின் வாழ்க்கை.

அமெதே ஃபிரான்சுவா ஃப்ரெஸியே 1682-ல், இன்று பிரான்ஸில் இருக்கும் ஷாம்பேரியில் பிறந்தார். கோட்டை கட்டும் இராணுவப் பொறியாளர். கல் வெட்டும் கலை பற்றியும் வாணவேடிக்கை பற்றியும் நூல் எழுதியவர். நம்ம ஆளுதான்!

1712-ல் பிரெஞ்சு அரசர் பதினான்காம் லூயி, தென் அமெரிக்காவில் ஸ்பானியர்களின் கோட்டைகளை வேவு பார்க்க அவரை அனுப்பினார். வியாபாரி வேடத்தில் சுற்றியவர், சிலியின் கான்செப்சியோன் பக்கம் ஒரு அதிசயத்தைக் கண்டார். அங்குள்ள பூர்வகுடி மக்கள் வளர்த்த ஸ்ட்ராபெரி, ஐரோப்பியப் பழத்தைவிடப் பல மடங்கு பெரியது!

1714-ல் செடிகளோடு கப்பல் ஏறினார். ஆறு மாதப் பயணம். குடிக்கவே தண்ணீர் தட்டுப்பாடு, இதில் செடிக்கு எங்கே ஊற்றுவது? ஆனாலும் ஐந்து செடிகள் பிழைத்தன. தண்ணீர் தந்து உதவிய கப்பல் அதிகாரிக்கு இரண்டைக் கொடுத்தார். ஒன்று பாரிஸ் அரசத் தோட்டத்துக்குப் போனது.

செடி வளர்ந்தது, பூத்தது, கொடி ஓடிப் படர்ந்தது. ஆனால் காய்க்கவில்லை! மண் சரியில்லையா, குளிர் ஒத்துக்கொள்ளவில்லையா? யாருக்கும் புரியவில்லை.

விஷயம் இதுதான். அந்த இனத்தில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பழம் தருவது பெண் செடி. பழத்தைப் பார்த்துச் செடி எடுத்தால் பெண் செடிதானே கையில் வரும்? யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்திருப்போம். கொடி ஓடி முளைப்பதும் தாய்ச்செடியின் நகல்தான், அதுவும் பெண்ணே. ஒர்க்‌ஷாப் பாஷையில் சொன்னால், பெட்டி நிறைய நட், ஒரு போல்ட்கூட இல்லை!

1764-ல், இருபது வயதுகூட நிரம்பாத அந்துவான் நிக்கோலா துஷேன் வேறொரு ஸ்ட்ராபெரி இனத்தின் ஆண் பூவிலிருந்து மகரந்தம் எடுத்து இதில் சேர்த்தார். பெரிய பழங்கள் காய்த்தன. அந்தத் தொட்டியைப் பதினைந்தாம் லூயி மன்னரிடமே காட்டினார். சிலிச் செடியும் வட அமெரிக்காவின் வர்ஜீனியா இனமும் கலந்து பிறந்ததுதான் இன்று ஊட்டியில் நாம் வாங்கித் தின்னும் ஸ்ட்ராபெரி. இதில் ஒரே பூவில் இரண்டு பாகமும் இருப்பதால் தனி ஆண் செடி தேவையில்லை.

ஃப்ரெஸியே 1773-ல், 91-ஆம் வயதில், பிரெஸ்ட் நகரில் காலமானார். அவர் கொண்டுவந்த செடியில் குறையே இல்லை, துணைதான் இல்லை.

மறுநாள் லேபுக்குப் போய் பம்பை மறுபடி பார்த்தேன். லேப் அண்ணன் சிரித்துக்கொண்டே உள்ளே ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார். ப்ரைமிங் செய்யவே இல்லை நான்! ஸ்விட்ச் போட்டதும் குபுகுபுவென்று கொட்டியது.

வேலை செய்யாத எதையும் தூக்கி எறியாதீங்க நண்பர்களே. எது சேரவில்லை என்று முதலில் பாருங்க!