கணினிக்கு ‘இஃப்’ சொல்லிக் கொடுத்த ஜான் மெக்கார்த்தி: யார் இவர்?

‘செயற்கை நுண்ணறிவு’க்கு ஆங்கிலத்தில் பெயர் வைத்தவர் என்றுதான் ஜான் மெக்கார்த்தியைப் பலருக்கும் தெரியும். நிரல் எழுதுபவர்கள் தினமும் பயன்படுத்தும் இன்னொன்றும் அவர் தந்ததுதான். ‘இப்படியென்றால் இது விடை, இல்லையென்றால் அது விடை’ என்று ஒரே வரியில் எழுதும் வசதி அது.

1927 செப்டம்பர் 4-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் பிறந்தார். அப்பா அயர்லாந்திலிருந்து வந்த தொழிற்சங்கக்காரர். அம்மா லிதுவேனிய யூதர். கால்டெக்கில் கணிதம் படித்து, 1951-ல் பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம் பெற்றார்.

1957-58-ல் சதுரங்கத்தில் எந்தக் காயை எங்கே நகர்த்தலாம் என்று கண்டுபிடிக்கும் நிரலை, ஐபிஎம் 704 கணினிக்காக ஃபோர்ட்ரானில் எழுதினார். அன்றைய ஃபோர்ட்ரானில் ‘இஃப்’ ஒரு கைகாட்டி மரம் மாதிரி. ஓர் எண் பூஜ்யத்துக்குக் கீழே என்றால் இந்த வரிக்குப் போ, பூஜ்யம் என்றால் அந்த வரிக்கு, மேலே என்றால் வேறொரு வரிக்கு. அது விடை எதையும் தராது, வழி மட்டும் காட்டும். சதுரங்கத்திலோ தொட்டதற்கெல்லாம் நிபந்தனை. நிரலைப் படிப்பவர் அங்கேயும் இங்கேயும் தாவ வேண்டியதுதான்.

மெக்கார்த்தி சின்னதாக ஒரு ஃபங்ஷன் எழுதிக்கொண்டார். அதற்கு ஒரு நிபந்தனையையும் இரண்டு விடைகளையும் கொடுத்தால், பொருந்துவதைத் திருப்பித் தரும். நிரல் சுருங்கியது, படித்தாலும் புரிந்தது. ஆனால், தேர்ந்தெடுக்கும் முன்பே இரண்டு விடைகளையும் அது கணக்கிட்டுவிடும்.

நேரம் மட்டும் வீணானால் பரவாயில்லை. ஓர் எண்ணிலிருந்து 1 வரை பெருக்கும் கணக்கைப் பாருங்கள். எண் 0 என்றால் விடை 1; இல்லையென்றால், அந்த எண்ணை அதைவிட ஒன்று குறைந்த எண்ணின் விடையால் பெருக்க வேண்டும். 0-க்கு வந்த பிறகும் இரண்டாவதைக் கணக்கிடப் போனால் மைனஸ் 1, மைனஸ் 2 என்று போய்க்கொண்டே இருக்கும். நிற்கவே நிற்காது.

அதனால், நிபந்தனையை முதலில் பார்த்து, பொருந்தும் விடையை மட்டும் கணக்கிட வேண்டும். மற்றதைத் தொடவே கூடாது. இதைச் சாதாரண ஃபங்ஷனால் செய்ய முடியாது, மொழியிலேயே இடம் வேண்டும். 1958-ல் எம்ஐடியில் அவர் உருவாக்கத் தொடங்கிய லிஸ்ப் மொழியில் அந்த இடம் கிடைத்தது. 1960 ஏப்ரலில் வெளியான அவரது புகழ்பெற்ற கட்டுரையிலும் மேலே சொன்ன பெருக்கல் கணக்கு உண்டு.

லிஸ்ப்பில் நிபந்தனையும் விடையும் ஜோடி ஜோடியாக வரும். மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்து, முதலில் எது உண்மையோ அதன் விடையை எடுத்துக்கொள்ளும். 5 வயதுக்குக் கீழ் இலவசம், 12-க்குக் கீழ் அரை டிக்கெட், மற்றவர்களுக்கு முழு டிக்கெட் என்று எழுதினால் சரி. முதல் இரண்டையும் இடம் மாற்றினால் கைக்குழந்தைக்கும் அரை டிக்கெட்தான்! கடைசி ஜோடியில் எப்போதும் உண்மையாக இருக்கும் நிபந்தனையைப் போட்டுவிட்டால், யாரும் விடுபட மாட்டார்கள்.

இதையே அல்கால் மொழியிலும் சேர்க்கச் சொல்லி ஒரு கட்டுரை அனுப்பினார். ரொம்பச் சின்னதாக இருக்கிறது என்று ஆசிரியருக்குக் கடிதமாகப் போட்டுவிட்டார்கள். அதில் அவருக்கு வருத்தம்தான். ஆனாலும் அல்கால் 60 குழு அவர் யோசனையை ஏற்றது. அவருடைய குறியீட்டுக்குப் பதில் ‘இஃப், தென், எல்ஸ்’ என்ற சொற்களை வைத்தது. பிறகு வந்த ஹாஸ்கெல் மொழியில் ‘எல்ஸ்’ இல்லாமல் ‘இஃப்’ எழுதவே முடியாது. விடை என்று ஒன்று வந்தே ஆக வேண்டுமல்லவா?

1962-ல் ஸ்டான்ஃபோர்டுக்குப் போனார். 1971-ல் டூரிங் விருது பெற்றார். 2011 அக்டோபர் 24-ல், 84-வது வயதில் காலமானார்.