ஜோ லூயிஸ் மீண்டும் ஏறிய மேடை

அலபாமாவின் ஏழைக் குடியானவர் வீட்டில் 1914-இல் பிறந்த ஜோ லூயிஸ், 1937-இல் உலகக் குத்துச்சண்டைப் பட்டம் வென்று, 25 முறை அதனைக் காத்து, 1949-இல் ஓய்வு பெற்றார். அவ்வாறே அமர்ந்திருந்தால்? ரசிகரிடையே ஓயாத வாதம் இது. யுத்தம் விழுங்கிய ஆண்டுகளையே சிலர் குறை கூறுவர். நாம் அதற்கு உடன்படோம்.

1942-இல் இரு போட்டிகளின் ஊதியத்தைக் கடற்படை, தரைப்படை நிவாரண நிதிகளுக்கு ஈந்தார். அதனையும் வருமானமாகவே எண்ணியது வரி இலாகா! அவரது கைத்தாராளமும் சேர, கடன் வட்டியோடு வளர்ந்தது. அக்கடனே முப்பத்தாறாம் வயதில் அவரை மீண்டும் மேடையேற்றியது என்பது நம் துணிபு. 1950-இல் எஸ்ஸர்ட் சார்ல்ஸிடம் தோற்றார். 1951 அக்டோபர் 26 இரவு, எட்டாம் சுற்றில், ராக்கி மார்சியானோவின் அடியால் கயிறுகளுக்கு அப்பால் சாய்ந்தார். வென்ற இளைஞரே பின்னர் கண்ணீர் உகுத்தாராம்.