துணை இல்லாம உலகம் சுற்ற முடியுமா? 72 நாளில் செய்து காட்டிய நெல்லி பிளை!

வெளிநாடு போக குரூப் டூரா, குரூஸ் கப்பலா, தனியாவா? இந்தக் குழப்பத்துக்கு 1889-லேயே பதில் சொன்னவர் நெல்லி பிளை. 1864-ல் அமெரிக்காவில் பிறந்தவர், நியூயார்க் வேர்ல்டு நாளிதழின் நிருபர்.

80 நாளுக்குள் உலகைச் சுற்றுகிறேன் என்று அவர் கேட்டபோது, பெண்ணுக்கு ஆண் துணை வேணும், பெட்டி பெட்டியா சாமான் சேரும் என்று நிர்வாகம் மறுத்தது. ஒரு வருஷம் கழித்துத்தான் அனுமதி. கிளம்பக் கிடைத்த அவகாசம் சில நாள்தான். ஒரே ஒரு கைப்பையோடு நவம்பர் 14-ல் கப்பல் ஏறினார்.

குரூப் இல்லை, கைடு இல்லை. ஆனா அதற்கு விலையும் உண்டு. அடுத்த கப்பலுக்காக கொழும்பிலும் ஹாங்காங்கிலும் நாள்கணக்கில் காத்திருந்தார். ஆனாலும் 72 நாளில், 1890 ஜனவரி 25-ல் திரும்பிவிட்டார். 1922-ல் மறைந்தார்.

தனியா போறவங்க லக்கேஜைக் குறைக்கணும், கையில் சில நாள் உபரியா வெச்சுக்கணும். 130 வருஷம் தாண்டியும் இந்தக் கணக்கு மாறல.