டீசல் என்றொரு மனிதர்

டீசல் என்றதும் நமக்கு பெட்ரோல் பங்க்கும், சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் அரியலூர் லாரிகளும்தான் ஞாபகத்துக்கு வரும். அது ஒரு மனிதரின் பெயர். அதுவும் பாலிடெக்னிக்கில் படித்தவரின் பெயர்! (ஜெர்மனியில் அப்போது பாலிடெக்னிக் என்றால் நம்மூர் இன்ஜினியரிங் காலேஜ் மாதிரி. இருந்தால் என்ன, பெருமை நமக்கும் கொஞ்சம் உண்டு.)

ருடால்ஃப் டீசல் 1858 மார்ச் 18-ல் பாரிஸில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மானியர்கள். 1870-ல் பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் போர் மூண்டது. குடும்பம் லண்டனுக்கு ஓடியது. பன்னிரண்டு வயதுப் பையனை மட்டும் ஆக்ஸ்பர்க் நகரத்து உறவினர் வீட்டுக்குப் படிக்க அனுப்பிவிட்டார்கள். பிறகு மியூனிக்கில் படிப்பு. அங்கே பாடம் எடுத்தவர் குளிர்பதனத்தில் பேர் பெற்ற கார்ல் லிண்டே. நீராவி இன்ஜினில் நிலக்கரி வெப்பத்தின் பத்தில் ஒரு பங்குகூட வேலையாக மாறுவதில்லை என்று வகுப்பில் கேட்ட விஷயம் பையன் மனதில் முள்ளாகத் தைத்துவிட்டது.

காற்றைப் பலமாக அமுக்கினால் அது சூடாகும். அந்தச் சூட்டில் எரிபொருளைத் தெளித்தால் தானே பற்றிக்கொள்ளும், ஸ்பார்க் பிளக்கே தேவையில்லை. இதுதான் 1892-ல் அவர் பேட்டன்ட் கேட்ட யோசனை. 1893 ஆகஸ்ட் 10-ல் ஆக்ஸ்பர்க் தொழிற்சாலையில் முதல் சோதனை. சிலிண்டருக்குள் அழுத்தம் 80 அட்மாஸ்ஃபியர் வரை ஏறி, அளக்க மாட்டியிருந்த இண்டிகேட்டர் கருவியே வெடித்துச் சிதறியது. ஆள் தப்பித்தது பெரிய விஷயம். மனுஷர் விடவில்லை. 1894 பிப்ரவரியில் இன்ஜின் தன் பலத்திலேயே ஒரு நிமிடம் ஓடியது, 88 சுற்று. அவ்வளவுதான்!

1897-ல் பேராசிரியர் ஷ்ரோட்டர் முன்னிலையில் முறையான டெஸ்ட் நடந்தது. நிமிடத்துக்கு 154 சுற்று, சுமார் 18 குதிரைத்திறன், 26.2 சதவீதத் திறன். ஏட்டில் அவர் போட்ட கணக்கு 70-க்கும் மேல்! ஆனாலும் அளந்து வந்த 26-தான் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. அன்றைய நீராவி இன்ஜின் பக்கத்தில்கூட வர முடியவில்லை.

பணம் கொட்டியது, புகழும் வந்தது. ஆனால் இன்ஜினை அளந்த மனிதர் சொந்த வரவு செலவை அளக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. வழக்குகள், தப்பான முதலீடுகள், கடன், உடல்நலக் குறைவு. 1913 செப்டம்பர் 29 இரவு ஆன்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்து போகும் டிரெஸ்டன் கப்பலில் ஏறியவர் காலையில் அறையில் இல்லை. சில நாள் கழித்து உடல் கடலில் தென்பட்டது. வயது 55.

அவர் இன்ஜின் காருக்கு வந்ததை அவர் பார்க்கவில்லை. 1927-ல் பாஷ் கம்பெனியின் இன்ஜெக்ஷன் பம்ப் வந்த பிறகுதான் சிறிய, வேகமான டீசல் சாத்தியமானது. 1936-ல் வந்த மெர்சிடஸ் 260டி காரின் இன்ஜின் 3000 சுற்றில் ஓடியது. அன்று 88, இன்று 3000, 4000!

வேகம் கூடியதும் ஆபத்தும் கூடியது. 1897 இன்ஜினின் ஸ்ட்ரோக் 400 மி.மீ.; பிஸ்டனின் சராசரி வேகம் வினாடிக்கு 2 மீட்டர்தான். 90 மி.மீ. ஸ்ட்ரோக் உள்ள கார் இன்ஜின் 4000-ல் ஓடினால் 12 மீட்டர். கனெக்டிங் ராடை இழுக்கும் விசையோ சுற்றின் வர்க்கமாக ஏறும். பத்து சதவீதம் கூடுதலாக விரட்டினால் விசை 21 சதவீதம் கூடும்.

பெட்ரோல் அம்பாசிடரைக் கழற்றி டீசல் இன்ஜின் ஏற்றுவது ஒரு காலத்தில் நம் மாநிலத்து ஒர்க்‌ஷாப்புகளில் சகஜம். டேக்கோமீட்டர் உள்ள காரில் இப்படிச் செய்தால் டயலில் இருக்கும் சிவப்புக் கோடு பழைய இன்ஜினுடையது, புதியதற்குச் செல்லாது. முள்ளையும் நம்ப முடியாது. பெட்ரோல் மீட்டர் இக்னிஷன் காயிலின் துடிப்பை எண்ணுகிறது: நாலு சிலிண்டருக்குச் சுற்றுக்கு 2, ஆறுக்கு 3. ஆறு சிலிண்டர் மீட்டரை நாலு சிலிண்டரில் மாட்டினால் நிஜத்தில் 4500 ஓடும்போது 3000 என்று காட்டும்! டீசலில் காயிலே கிடையாது. ஆல்டர்னேட்டரிலிருந்து சிக்னல் எடுக்க வேண்டும். புல்லி சைஸ் மாறினாலோ பெல்ட் வழுக்கினாலோ அதுவும் பொய் சொல்லும். நம் லேப்பில் 1500 ஆர்.பி.எம். இன்ஜினுக்குப் பிடிக்கிறோமே கை டேக்கோமீட்டர், அதைக் கிராங்க் புல்லி நடுவில் வைத்து இரண்டு மூன்று வேகத்தில் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, இன்ஜின் தயாரிப்பாளர் கொடுத்த உச்ச வேகத்தில் புதுச் சிவப்புக் கோடு போட வேண்டும்.

பம்ப்பில் கவர்னர் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளாதா என்று கேட்பீர்கள். கவர்னர் டீசலை நிறுத்தும், சக்கரத்தை நிறுத்தாது. சுரங்கக் குழிச் சரிவில் இறங்கும்போது வேகத்தைக் குறைக்காமல் டிரைவர் இரண்டாவது கியருக்குத் தள்ளினால், சக்கரமே இன்ஜினைச் சுழற்றும். அப்போது சொட்டு டீசல் போகாமலே முள் சிவப்பைத் தாண்டும்.