பென்னிகுயிக் துரை

இங்கிலாந்தில், சர்ரே பகுதியிலுள்ள ஃபிரிம்லியின் பரிசுத்த பேதுரு ஆலயக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு பொறியாளர் அடக்கம்பண்ணப்பட்டிருக்கிறார். நம் தேனி, கம்பம் பக்கத்து வீடுகளில் சாமி படங்களோடு அவர் படமும் மாட்டியிருக்கும். அவர்தான் கர்னல் ஜான் பென்னிகுயிக்.

1841-ல் பூனாவில் பிறந்தவர். சென்னை மாகாணப் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தார். மேற்கே அரபிக் கடலுக்கு ஓடிய பெரியாற்றை மலையிலே தடுத்து, சுரங்கம் வெட்டி, கிழக்கே வைகைக்குத் திருப்பினார். சுண்ணாம்பும் சுர்க்கி என்னும் செங்கல் தூளும் சேர்த்துக் கட்டிய அணை அது. 1887-ல் வேலை தொடங்கியது. பாதி கட்டியதை வெள்ளம் அடித்துக்கொண்டு போனதும் உண்டு. 1895-ல் தண்ணீர் திறந்தார்கள்.

நான் நர்ஸ், ஆகையால் இதையும் சொல்லவேண்டும். அந்தக் காட்டில் மலேரியாவும் காலராவும் வேலையாட்கள் பலரைக் கொண்டுபோயின. மலேரியா கொசுவால் வருகிறது என்று ரொனால்ட் ராஸ் கண்டறிந்தது 1897-ல், அணை முடிந்து இரண்டு வருஷம் கழித்து! கூலிக்கு வந்து மாண்ட அந்த ஜனங்களுக்குச் சுவரில் படம் இல்லை. பென்னிகுயிக்கை நினைக்கும்போது அவர்களையும் நினையுங்கள்.

அவர் 1911-ல் காலமானார். ஜனவரி 15 அவர் பிறந்தநாள், பொங்கலை ஒட்டியே வரும். அன்று கம்பம் பள்ளத்தாக்கில் அவர் பெயரில் பொங்கல் வைக்கிறார்கள். பென்னிகுயிக் என்றே பெயர் வைத்த பிள்ளைகளும் அங்கே உண்டு.