பிளேஸ் பாஸ்கல்

கதிரவனொளியால் இயங்கி, உள்ளங்கையில் அடங்கி, நொடிப்பொழுதிற் பெருங்கணக்கை முடித்துத் தரும் சிறு கருவிகளை இந்நாளில் நாம் எளிதாய்க் கையாள்கின்றோம். மின்சாரம் பயன்படாத காலத்திலேயே பற்சக்கரங்களைக்கொண்டு கணக்கிடும் பொறியொன்றை ஆக்கிய பிளேஸ் பாஸ்கல் என்பாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவர் பிரான்சு தேசத்துக் கிளெர்மோன் நகரில் 1623-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 19-ஆம் நாள் பிறந்தார். மூன்று வயதில் தாயை இழந்த இவரைத் தந்தையார் எத்தியேன் பாஸ்கலே ஆசானுமாய் நின்று வளர்த்தார். பதினாறாம் வயதில் கூம்பு வெட்டுக்களைப்பற்றி ஆராய்ந்தெழுதிக் கணித வல்லாரை வியப்பித்தார்.

பின்னர்த் தந்தையார் ரூவான் நகரில் வரி அலுவலில் அமர்ந்தார். அந்நாட்டு நாணய முறையோ கணக்கருக்குப் பெருந்தொல்லை: 12 தெனியே ஒரு சோல், 20 சோல் ஒரு லீவர். ஓய்வின்றி அக்கணக்கில் உழன்ற தந்தையாரைக் கண்டு மைந்தர் மனம் இளகிற்று. 1642-இல், நம்மிற் பலருடைய வயதே உடையராய், அவர் அப்பொறியை அமைக்கத் தொடங்கினார். இலக்கத்துக்கு ஒன்றாகச் சக்கரங்கள் அமைந்தன. ஒரு சக்கரம் ஒன்பதைக் கடந்து சுழியை அடையுங்கால், அது உயர்த்தி வைத்த எடையொன்று விழுந்து அடுத்த சக்கரத்தை ஒருபடி நகர்த்தும். ஐம்பதுக்கு மேற்பட்ட மாதிரிகளைச் செய்து பார்த்தார். இடையில் கடிகாரத் தொழிலாளி ஒருவன், புறத்தே அழகும் அகத்தே பயனின்மையும் உடைய போலியொன்றைச் செய்ய, மனமுடைந்து தம் வேலையாட்களை விலக்கினார். அறிந்தோர் ஊக்கவே மீண்டும் முயன்று 1645-இல் முடித்தார். 1649-இல் அரசுரிமையும் பெற்றார். எனினும், விலை மிகுதியால் வாங்குவோர் சிலரேயாயினர்.

அத்தோல்வி அவரை வாட்டவில்லை. 1654-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் இரவில் கடவுளைத் தாம் உணர்ந்த வகையை எழுதி, அதனைத் தம் சட்டையின் உட்புறத்தே தைத்து வைத்திருந்தார். அவர் மறைந்த பின்னரே பிறர் அதனைக் கண்டனர்.

இறுதி நாட்களில் ஏழைக் குடும்பமொன்றுக்குத் தம் இல்லத்தில் இடமளித்திருந்தார். அவர்தம் பிள்ளைக்கு அம்மை கண்டது. தம்மைப் பேண வரும் தமக்கையாரின் மக்களுக்கு அந்நோய் தொற்றுமென அஞ்சினார். ஆயினும், நோயுற்ற பிள்ளையை வெளியேற்ற மனமின்றி, நோயாளராகிய தாமே வீட்டை விட்டுத் தமக்கையார் மனைக்குச் சென்றார். அங்கேயே 1662-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 19-ஆம் நாள், 39-ஆம் வயதில் உயிர் நீத்தார்.

தந்தையின் சுமை கண்டு இரங்கிய நெஞ்சமே ஏழைப் பிள்ளைக்கும் இரங்கிற்று. கல்லூரியில் நாம் தேடும் அறிவும் அத்தகைய நெஞ்சத்தோடு கூடுமாயின், அதுவே பெரும்பேறாம்.