மூளையில் மொழியின் இடம்

1861ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், பாரிசை அடுத்த பிசேத்ர் மருத்துவமனையில் காலில் அழுகல் நோயுற்ற ஒருவர் அறுவைப் பிரிவுக்குக் கொண்டுவரப்பட்டார். லெபோர்ன் என்பது அவர் பெயர். எனினும் அனைவரும் அவரை டான் என்றே அழைத்தனர். எதைக் கேட்டாலும் அந்த ஓரசையையே இரட்டித்து விடையாகக் கூறுவார். எத்தனை ஆண்டுகளாக மருத்துவமனையில் இருக்கிறார் என மருத்துவர் வினவினார். அவரோ ஒரு கையின் ஐந்து விரல்களையும் நான்கு முறை விரித்துக் காட்டி, பின்னர் ஒரு விரலை மட்டும் நீட்டினார். 21 ஆண்டுகள் என்னும் அவ்விடை சரியானதே. கேட்டதன் பொருள் விளங்குகிறது. சொல் மட்டும் எழவில்லை. இவ்விந்தையைக் கண்டு சிந்தனையில் ஆழ்ந்த அம்மருத்துவரே பால் புரோக்கா.

பிரான்சின் தென்மேற்கிலுள்ள சிற்றூர் ஒன்றில், 1824இல் மருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் புரோக்கா. பாரிசில் மருத்துவம் பயின்று அறுவை வல்லுநரானார். 1859இல் மானிடவியல் கழகத்தைத் தோற்றுவித்தார். மூளை ஒரே முழுமையாக இயங்குகிறதா, ஒவ்வொரு செயலுக்கும் தனியிடம் உண்டா என்னும் வழக்கு அக்கழகத்தில் சூடுபிடித்திருந்த வேளையில்தான் டான் அவரிடம் வந்தார். சில நாள்களில் இறந்தார். புரோக்கா அவரது மூளையை ஆய்ந்து, உடனே கழகத்தின்முன் வைத்தார். இடப்பக்க முன்மடலில் பழுது தெளிவாகத் தெரிந்தது. சில திங்களுக்குப் பின், ஐந்து சொற்களே பேச இயன்ற 84 வயது முதியவரின் மூளையிலும் ஏறக்குறைய அதே இடம் சிதைந்திருந்தது. அவசர முடிவுக்கு வராமல் மேலும் பல நோயாளரை ஆய்ந்த அவர், பேச்சுத்திறன் பெரும்பாலும் இடமூளையைச் சார்ந்தது என்று 1865இல் விளக்கினார். அப்பகுதி இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. மாந்தரின் முன்னோர் எப்போது பேசத் தொடங்கினர் என ஆராய்வோர், புதைபடிவ மண்டையோடுகளின் உட்புறத்தில் அப்பகுதியின் சுவடுகளைத் தேடுகின்றனர்.

அவரது அறிவியல் முழுதும் பழுதற்றதன்று. மண்டையோடுகளை அளந்து மனித இனங்களையும் ஆண், பெண் இருபாலரையும் உயர்வு தாழ்வாக வரிசைப்படுத்த முனைந்தார். மொழியாய்வில் காட்டிய நிதானத்தை அங்கு அவர் காட்டவில்லை. பிற்கால அறிவியல் அக்கருத்துகளைத் தள்ளிவிட்டது.

1880இல் பிரெஞ்சு மேலவையின் வாழ்நாள் உறுப்பினரானார், அவ்வாண்டே காலமானார். டானின் மூளையை வெட்டாமல் முழுமையாகப் பாதுகாத்தது அவர் செய்த நற்செயல். நூற்றாண்டுக்கும் மேலாகக் கண்ணாடிக் குடுவையில் இருந்த அம்மூளையை அண்மைக்கால அறிஞர்கள் காந்த அலைக்கருவியால் படம்பிடித்தனர். புரோக்கா மேற்பரப்பில் கண்ட பழுது, அவர் காணாத உட்புற நரம்பிழைகள் வரையிலும் ஊடுருவியிருந்தது.